பூனைச்செவியும் மெய்ப்பாடும்

மெய்ப்பாட்டியலை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மாணவர் எவரேனும் ஒருவர், “ஐயா, உள்ளத்தில் இருப்பதை உடம்பு காட்டியே தீருமா?” என்று கேட்பதுண்டு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்னும் எட்டினையும் அவை பிறக்கும் முப்பத்திரண்டு களன்களையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, “காட்டும்” என்று ஒற்றைச் சொல்லில் விடையிறுத்து அடுத்த நூற்பாவுக்குச் சென்றுவிடுவது என் வழக்கமாக இருந்தது. அவ்விடையில் எனக்கே ஐயம் தோன்றக் காரணமானவை இரண்டு. ஒன்று, ஜப்பானியர் செய்த பூனைச்செவி. மற்றொன்று, என் அத்தாவின் முகம்.

நியூரோவேர் என்னும் ஜப்பானியக் குழுவினர் 2011ஆம் ஆண்டில் ‘நெகோமிமி’ என்றொரு கருவியை அறிமுகப்படுத்தினர். மறு ஆண்டில் அது விற்பனைக்கு வந்தது. நெகோ என்றால் பூனை. மிமி என்றால் செவி. தலையில் வளையமாக அணிந்துகொள்ளும் அதன்மேல் பூனையின் செவிகளைப் போன்ற இரண்டு செவிகள் நிற்கும். நெற்றியைத் தொடும் உணர்கருவியும் காதுமடலைப் பற்றும் கவ்வியும் மூளையின் நுண்மின்னலைகளை வாங்கிக்கொள்ளும். மனம் ஒன்றைக் கூர்ந்து நோக்கினால் செவிகள் விடைக்கும். தளர்ந்து அமைதியுற்றால் தாழும். பின்னர் 2012இல் அதே குழுவினர் ‘ஷிப்போ’ என்னும் வாலையும் செய்து காட்டினர். மனித மூளையின் மின்னலையை ஹான்ஸ் பெர்கர் என்னும் ஜெர்மானிய மருத்துவர் முதன்முதலாகப் பதிவுசெய்தது 1924இல். எண்பத்தேழே ஆண்டுகளில் அவர் கண்டது இளையோரின் தலையணி ஆகிவிட்டது!

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் இக்கருவி மனிதனுக்குப் புதிதாக எதையும் தரவில்லை; இழந்ததைத்தான் திருப்பித் தர முயல்கிறது. நாயும் பூனையும் அஞ்சும்போதும் சினக்கும்போதும் செவியை மடித்து மயிரைச் சிலிர்ப்பதை டார்வின் 1872இல் வெளியிட்ட தம் நூலில் விரித்தெழுதினார். நம் காதுமடலைச் சுற்றி இன்றும் மூன்று சிறு தசைகள் உள்ளன. மிகச் சிலரே அவற்றை விரும்பியபடி அசைக்க வல்லவர். ஏனையோருக்கு அவை வேலையிழந்த பணியாளர்கள்.

இச்செவிகளை என் மாணவர்கள் அணிந்து வந்தால் என்னாகும் என்றும் எண்ணிப் பார்த்தேன். புணர்ச்சி விதிகளைத் தொடங்கிய ஐந்தாம் நிமிடத்தில் வகுப்பு முழுவதும் செவிகள் தாழ்ந்துவிடும். அதனை அறியாதிருப்பதே ஆசிரியனுக்கு நலம். ஜப்பானியரோ அகத்தே உள்ளதை ‘ஹொன்னே’ என்றும், புறத்தார்க்குக் காட்டுவதை ‘தத்தெமாயே’ என்றும் பிரித்துப் பெயரிட்டவர்கள். மறைத்தலை ஒரு பண்பாகவே பேணும் நாட்டில் இப்படியொரு காட்டிக்கொடுக்கும் செவி பிறந்ததில் எனக்கு வியப்பில்லை.

என் அத்தாவின் முகத்துக்கு வருகிறேன். அவர்களுக்குப் பார்க்கின்சன் நோய் வந்தபோது கை நடுக்கத்தை மட்டுமே நாங்கள் நோயாகக் கருதினோம். மூளையில் டோபமின் சுரக்கும் செல்கள் அழிவதால் உடற்றசைகள் இறுகும்போது முகத்தசைகளும் உடன் இறுகும், கண் இமைப்பதும் குறையும் என்பதை மிகத் தாமதமாகவே அறிந்தோம். அதற்குள் வீட்டில் எத்தனையோ மனத்தாங்கல்கள். “உங்கள் அத்தாவுக்கு என்மேல் என்ன கோபமோ” என்று அம்மா அடுக்களையில் அழுதிருக்கிறார்கள். பெருநாளுக்கு வந்த உறவினர், தாம் வந்தது பிடிக்கவில்லை போலும் என்று உண்டதும் எழுந்துவிட்டனர். நானும் ஒருமுறை, “கேட்டதற்கு முகத்தையாவது காட்டக் கூடாதா?” என்று குரலை உயர்த்தினேன். அதற்கும் அந்த முகம் மாறவில்லை. அன்று அவர்கள் வருந்தினார்களா என்பதை இனி யாரிடம் போய்க் கேட்பேன்?

நெகோமிமியைப் பற்றி அறிந்தபோது முதலில் எழுந்தது, இப்படியொரு செவி அத்தாவின் தலையில் இருந்திருக்கலாகாதா என்னும் ஏக்கமே. பின்னர் ஆராய்ந்தபோது ஏக்கம் தணிந்தது. அக்கருவி அறிவது கவனம், தளர்வு என்னும் இரண்டு நிலைகளை மட்டுமே. எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றைக்கூட அது அறியாது. மகளின் மணவோலையைப் படித்தாலும் கடன்காரரின் கடிதத்தைப் படித்தாலும் செவி ஒன்றுபோலவே விடைக்கும். கண்ணாலும் செவியாலும் திண்ணமாக உணரவல்ல மாந்தர்க்கே மெய்ப்பாடு புலப்படும் என்று தொல்காப்பியர் அவ்வியலை முடிக்கிறார். அந்நூற்பாவைப் பல்லாண்டு நடத்திய நான், என் வீட்டுக் கூடத்தில் அதில் தோற்றேன்.

என் மகளுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். பேச்சுப் போட்டியில் பரிசு பெற்ற உரையை அத்தாவின் கட்டிலருகே நின்று முழுவதும் பேசிக் காட்டினாள். மே மாதத்துப் பிற்பகல். மின்சாரம் வேறு இல்லை. பேசி முடித்து நெடுநேரம் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒன்றுமில்லை. வாடிய முகத்துடன் திரும்பப் போனவள், போர்வைமேல் கிடந்த அத்தாவின் முன்கையைக் கண்டு நின்றாள். நரைத்த மயிர்கள் அத்தனையும் சிலிர்த்து நின்றன.

“குளிர்கிறது போலிருக்கிறது” என்று சொல்லி, அம்மா இன்னொரு போர்வை எடுக்கப் போனார்கள்.