பூமியின் நாடி

காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியைத் தாய் தொட்டுப் பார்க்கிறாள். மருத்துவரோ வெப்பமானியை நாவின் அடியில் வைக்கிறார். தோலின் சூடு வேறு, உடலின் சூடு வேறு என்பது அவர் கற்ற பாடம். பூமியின் வெப்பத்தை அளக்கப் புகுந்த அறிஞரும் இப்பாடத்தையே முதலில் கற்றனர். மேற்பரப்பு வெயிலுக்கு ஒன்றும் மழைக்கு ஒன்றும் சொல்லும். மெய்யை அறிய வேண்டின் உள்ளே செல்ல வேண்டும்.

சுங்கை பினாங் ஆற்றுக்கு நீர் தரும் ஓடைகளுள் சில கொடிமலைச் சாரலில் பிறக்கின்றன. ஏறத்தாழ 830 மீட்டர் உயரமுள்ள அம்மலையின் உச்சி, ஆற்றங்கரைக் குடியிருப்புகளைவிட ஐந்து டிகிரி அளவு குளிர்ந்திருப்பதைப் பினாங்கு மாணவர் அறிவர். மேலே ஏறினால் குளிரும். நிலத்தினுள்ளே இறங்கினாலோ சூடு கூடும். உலகின் பல பகுதிகளில் ஒரு கிலோமீட்டர் ஆழத்திற்கு 25 முதல் 30 டிகிரி செல்சியசு வரை வெப்பம் உயர்கிறது. பூமி உருவான காலத்தில் எஞ்சிய வெப்பமும், பாறைகளிலுள்ள கதிரியக்கத் தனிமங்கள் சிதைவதால் எழும் வெப்பமும் இதற்குக் காரணங்கள்.

இவ்வுண்மையை ஏட்டில் படியாமல் உடலால் அறிந்தவர்கள் கோலார் தங்கவயல் தொழிலாளர்கள். 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனம் அங்குப் பணி தொடங்கியபின், வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து தமிழர் பெருந்தொகையாகச் சென்றனர். அதே மாவட்டங்களிலிருந்து மலாயாத் தோட்டங்களுக்கும் ஆள்கள் வந்தனர். ஒரே ஊரார் சிலர் மரத்தின் பாலுக்காகக் கடல் கடந்தனர். சிலர் பொன்னுக்காகப் பாதாளம் இறங்கினர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழ்ந்தது. அங்குப் பாறையின் வெப்பம் 65 டிகிரியைத் தாண்டியது. இந்தியத் தென்னகப் பாறை மிகப் பழமையானது, குளிர்ந்து தடித்தது. அதனால் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 12 டிகிரியே அங்குக் கூடியது. சூடு விரைந்து கூடும் நிலமாயின் அவ்வாழத்தில் வேலை செய்வது இன்னும் கடினமாயிருக்கும்.

மேலிருந்து குளிரூட்டிய காற்றைச் செலுத்தியே அங்கு வேலை நடந்தது. ஆதலால் சுரங்கக் காற்றை அளந்து பாறையின் சூட்டைச் சொல்ல முடியாது. புதிதாக வெட்டிய பாறையில் ஆழத் துளையிட்டு, அதனுள் வெப்பமானியைச் செருகி, துளைத்ததால் எழுந்த சூடு தணியும்வரை பொறுத்திருந்து படிக்க வேண்டும். அந்த எண்ணைக் கொண்டே எவ்வளவு காற்று செலுத்த வேண்டும் என்று கணக்கிட்டனர். அளவில் பிழை நேரின் ஆளுக்கு ஆபத்து. அச்சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டில் மூடப்பட்டன.

பாறை சூட்டை வைத்திருப்பது மட்டுமன்று, நினைவிலும் கொள்கிறது. மேற்பரப்பில் நேரும் வெப்ப மாறுதல் பாறையினூடே மிக மெதுவாகக் கீழிறங்கும். கோடையும் மாரியும் சுமார் இருபது மீட்டருக்குள் மறைந்துவிடும். நூறாண்டு மாறுதலோ நூறு மீட்டருக்கும் கீழே சென்று பதியும். ஆகவே ஆழ்துளையில் வெப்பமானியை இறக்கி அடி அடியாக அளந்தால், வெப்பமானியே இல்லாத காலத்துச் செய்தியும் வெளிப்படும். இந்திய ஆழ்துளைகளை ஆராய்ந்து 2002ஆம் ஆண்டில் வெளியான முடிவு, நிலப்பரப்பு ஒன்றரை நூற்றாண்டில் ஏறத்தாழ 0.9 டிகிரி சூடேறியதைக் காட்டியது.

இன்னும் பழைய செய்தியைச் சிப்பியும் ஓடும் வைத்திருக்கின்றன. உயிர்வளியில் எடை மிகுந்த அணுவும் உண்டு, குறைந்த அணுவும் உண்டு. குளிர்ந்த நீரில் வளரும் ஓட்டில் எடை மிகுந்தது சற்றே கூடுதலாகச் சேரும். இதனை வெப்பமானியாகக் கொள்ளலாம் என்று 1947ஆம் ஆண்டில் விளக்கியவர் அமெரிக்க வேதியியலறிஞர் ஹரால்டு யூரி. 1951ஆம் ஆண்டில் அவர் குழுவினர், ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் கிடைத்த, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்திய கடலுயிர் ஒன்றின் புதைபடிவத்தை அடுக்கடுக்காகச் சுரண்டி ஆராய்ந்தனர். அது மூன்று கோடைகளையும் நான்கு குளிர்காலங்களையும் கண்டு, ஓர் இளவேனிலில் இறந்தது என்று தெரிந்தது. இங்கும் ஒரு நிபந்தனை உண்டு: பிற்கால நீர் ஊறி ஓடு கெட்டிருந்தால் அதன் சாட்சி செல்லாது.

கடற்பனியும் ஒரு வெப்பமானியே. கடல்நீர் ஏறத்தாழ சுழியத்திற்குக் கீழ் 1.8 டிகிரியில் உறைகிறது. 1970களின் இறுதியிலிருந்து செயற்கைக் கோள்கள் வடதுருவப் பனிப்பரப்பை இடைவிடாது அளந்து வருகின்றன. தொடக்க ஆண்டுகளின் செப்டம்பரில் 70 இலட்சம் சதுர கிலோமீட்டர் அளவில் இருந்த பனி, 2012 செப்டம்பரில் 34 இலட்சமாகச் சுருங்கியது. வெண்பனி கதிரைத் திருப்பி அனுப்பும். பனி நீங்கிய கருங்கடல் அதனை விழுங்கும். மிதக்கும் பனி உருகினால் கடல் மட்டம் உயர்வதில்லை. ஆயின் அதனை உருக்கும் அதே சூடு நிலத்துப் பனியை உருக்கிக் கடலில் சேர்க்கிறது. கடல்நீரையும் விரியச் செய்கிறது. கடல் உயர்ந்தால், பெருமழை நாளில் சுங்கை பினாங் போன்ற ஆறுகளின் நீர் கடலில் கலக்க இடமின்றித் தாழ்ந்த குடியிருப்புகளில் தேங்கும். துருவத்துச் செய்தி தம் வாசற்படிக்கும் உரியது என்பதை மாணவர் உணர வேண்டும்.

பாறை, ஓடு, பனி ஆகிய மூன்றும் பொய் சொல்வதில்லை. அவசரப்பட்டுக் கேட்பவரே பிழைபடக் கேட்கின்றனர். பொறுமையும், தூய சான்றை மட்டும் ஏற்கும் நேர்மையும் அளப்பவருக்குரிய அறம். இவ்வறத்தைப் பள்ளியிலேயே பழக்கலாம். வெண்ணிறக் காற்றோட்டப் பெட்டி ஒன்றில் வெப்பமானியை வைத்து, நாள்தோறும் ஒரே நேரத்தில் மாணவர் குறித்துவரட்டும். ஒரு நாள் குறிப்பு வெறும் எண். முப்பதாண்டுக் குறிப்போ அவ்வூரின் பருவநிலை வரலாறு. இன்று எழுதத் தொடங்கும் பிள்ளையின் கையெழுத்தை, அப்பிள்ளையின் பிள்ளை சான்றாகப் படிக்கும்.