ஜாரவாக்களைப் பார்க்க ஆசைப்பட்டேன்

அந்தமானுக்குப் போவதென்று வீட்டில் முடிவானதும் என் மனசு நேராகப் போய் நின்றது ஜாரவாக்களிடம்தான். காட்டில் வேட்டையாடி வாழ்கிற, நம்மைப் போல உடுத்தாத அந்த மனிதர்களை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. வீட்டில் இதை உடைத்துச் சொல்லவில்லை. "பாராடாங்கில் சுண்ணாம்புக் குகை இருக்கு, அதைப் பார்க்கணும்" என்று சொல்லி வைத்தேன். அது பொய். பொய்யை விட மோசமானது அதற்குப் பின்னால் இருந்த ஆசை. இரண்டையும் ஒப்புக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

என் மனைவிக்குச் சந்தேகம் வந்தது. "ஏங்க, குகைதான்னா பெலும் குகை நம்ம சீமையிலேயே இருக்கே. தம்பி வீட்டுக்காரங்க வேன் வச்சுப் போனப்போ கூப்பிட்டாங்க, நீங்க வரலையே" என்றாள். நந்தியால் மாவட்டத்து பெலும் குகை மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளமானது, அதுவும் சுண்ணாம்புப் பாறைதான். காலையில் எங்கள் ஊரான சந்திரகிரியில் கிளம்பினால் மதியத்துக்குள் போய்ச் சேரலாம். அவள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "அது வேற, இது வேற" என்று மழுப்பினேன்.

எது வேறு என்று எனக்குத் தெரியும். பாராடாங் போகிற வழிதான் வேறு. போர்ட் பிளேர், 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய ஊர், அங்கிருந்து வடக்கே போகிற அந்தமான் டிரங்க் ரோடு ஜாரவாக்களின் காப்புக்காட்டை ஊடறுத்துக்கொண்டு போகிறது. ஜிர்கடாங் சோதனைச் சாவடியில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி வைத்து, குறித்த நேரத்தில் போலீஸ் காவலோடு கான்வாயாக அனுப்புகிறார்கள். அங்கிருந்து மிடில் ஸ்ட்ரெயிட் படகுத்துறை வரை ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் காடு. வழியில் வண்டியை நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, அவர்களுக்குத் தின்னக் கொடுக்கக் கூடாது, ஒருவரையும் ஏற்றக் கூடாது. 1956-ல் வந்த பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குவிதியும் 2012-ல் அதற்கு வந்த திருத்தமும் மீறுகிறவர்களுக்குச் சிறைத்தண்டனை விதிக்கின்றன. இத்தனையும் படித்து வைத்திருந்தேன். படித்துவிட்டு டிராவல் ஏஜென்டிடம் நான் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "எந்த கான்வாயில் போனால் அவங்க கண்ணில் படுவாங்க?"

"முதல் கான்வாயில போங்க சார்" என்றார் அவர். விடியற்காலையில் கிளம்ப வேண்டும், மூன்று மணிக்கே வண்டி வந்துவிடும். பலர் இப்படிக் கேட்பதுண்டு போலிருக்கிறது, அவர் குரலில் வியப்பு எதுவும் இல்லை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். கேட்டது நான்.

பயணத்துக்கு வாங்க வேண்டிய சாமான்களை நோட்டில் எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. தொப்பி, முழங்கால் வலிக்குத் தைலம், டார்ச் லைட், இவற்றுக்குக் கீழே "பிஸ்கட் பாக்கெட், சின்னது, ஒரு டஜன்" என்று எழுதியிருந்தேன். வாழைப்பழம் வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்துப் பழத்தை எழுதவில்லை. யாருக்கு அந்த பிஸ்கட் என்று பக்கத்தில் எழுதவில்லை. ஆனால் எழுதும்போது என் மனக்கண்ணில் ஓடியது, நகர்கிற வண்டியின் ஜன்னல் வழியாக நான் ஒரு பாக்கெட்டை வீசுவதும், ஒரு குழந்தை அதைக் குனிந்து எடுப்பதும். அதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி இருந்தது. தானம் செய்கிறவனின் மகிழ்ச்சி என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை. 2012 ஜனவரியில், ஜாரவாப் பெண்களைச் சாப்பாட்டுக்காக ஆடச் சொல்லுகிற வீடியோ லண்டன் 'அப்சர்வர்' பத்திரிகை வழியாக வெளியே வந்து நாடே தலைகுனிந்தது. அன்று டீக்கடையில் உட்கார்ந்து அந்தச் சுற்றுலாக்காரர்களைத் திட்டியவர்களில் நானும் ஒருவன். காப்புக்காட்டின் வழியாகப் போகும் சாலையை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002-லேயே உத்தரவிட்டது. சாலை மூடப்படவில்லை. 2013 ஜனவரியில் சுற்றுலாக்காரர்களுக்கு அந்தச் சாலையில் தடை விதித்த நீதிமன்றம், மார்ச்சில் தடையை விலக்கிக்கொண்டது. அப்போது நான் "விட்டுட்டாங்களே" என்று வருத்தப்பட்டது நினைவிருக்கிறது. இத்தனை வருஷம் கழித்து, தடை இல்லை என்பதே எனக்கு வசதியாகிவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் ஊருக்கு உறவுக்காரர்கள் வந்தால் கோட்டைக்குள் ராஜ மஹாலைச் சுற்றிக் காட்டுகிறவன் நான். இங்கிலீஷ் கம்பெனிக்குச் சென்னையில் இடம் கிடைத்த கதையைப் பெருமையாகச் சொல்லுவேன். 1639-ல் தாமர்ல வெங்கடப்ப நாயக்கர் கொடுத்த அனுமதியை 1645-ல் சந்திரகிரி ராயரான மூன்றாம் ஸ்ரீரங்கர் உறுதிசெய்தார். கதையை அங்கேயே நிறுத்திவிடுவேன், மீதியும் எனக்குத் தெரியும் என்றாலும். கடற்கரையில் ஒரு துண்டு நிலம் வாங்கிய அதே கம்பெனிக்காக 1789-ல் ஆர்ச்சிபால்ட் பிளேர் அந்தமானில் முதல் குடியேற்றத்தை அமைத்தார். அது நிலைக்கவில்லை. 1858-ல் கைதிகளைக் கொண்டுபோய் மறுபடி குடியேற்றினார்கள். அன்று பல ஆயிரம் பேராக இருந்த கிரேட் அந்தமானியர், தட்டம்மையும் சிபிலிசும் பரவிச் செத்துச் செத்து, 1961 கணக்கெடுப்பில் 19 பேராக எஞ்சினார்கள். 2010-ல் போவா மூதாட்டி இறந்தபோது 'போ' மொழியைப் பேச ஒருவர்கூட மிச்சமில்லை. ஜாரவாக்கள் மட்டும் வெளியாட்களை அம்பெய்து தள்ளி வைத்தே தப்பித்து வந்தார்கள். 1997-ன் கடைசியில் அவர்கள் பகையை விட்டு வெளியே வரத் தொடங்கினார்கள். 1999-ல் அவர்களிடையே தட்டம்மை பரவிவிட்டது. 2011 கணக்கெடுப்பில் அவர்கள் 380 பேர். எங்கள் தெருவில் ஒரு கல்யாணத்துக்கு அதைவிட அதிகம் பேர் சாப்பிடுவார்கள்.

இவ்வளவும் தெரிந்த ஒருவன் எப்படி பிஸ்கட் பாக்கெட் என்று எழுதுவான்? பல நாள் யோசித்தேன். அறிவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று படுகிறது. இது பழக்கம். அந்தப் பழக்கத்தை நான் அந்தமானில் கற்கப் போகவில்லை, சந்திரகிரியிலேயே கற்றுக்கொண்டேன்.

எங்களுக்குக் கொஞ்சம் நெல் வயல் உண்டு. கதிர் முற்றும் சமயத்தில் எலி வளை அதிகமானால் யானாதிப் பழங்குடிக் குடும்பம் ஒன்றைக் கூப்பிடுவோம். என் அப்பா காலத்திலிருந்து அதே குடும்பம். புருஷன் கடப்பாரையால் வரப்பைத் தோண்டுவார். மனைவி ஒரு மண் பானையில் வைக்கோலைத் திணித்துக் கொளுத்தி, பானையின் வாயை வளையின் வாயோடு அழுத்தி வைத்து, பானையின் அடியில் இருக்கிற சின்னத் துளையில் வாய் வைத்து ஊதுவார். புகை வளைக்குள் போக வேண்டும். பாதி அவர் முகத்திலேயே திரும்பி அடிக்கும். பானைச் சூட்டில் உதடு வெந்துபோகும். இருமிக்கொண்டே மறுபடி ஊதுவார். வளைக்குள் எலி சேர்த்து வைத்த நெல்லும் எலியும் அவர்களுக்கு, அதோடு கொஞ்சம் கூலி.

ஒரு வருஷம் அந்த அம்மா ஊதுவதை என் செல்போனில் படம் எடுத்தேன். புகை மறைத்ததால் முகம் சரியாக விழவில்லை. "இன்னொரு வாட்டி ஊதும்மா" என்று கேட்டேன். அவர் "வத்து சாமி" என்றார். வேண்டாம் என்று தெலுங்கில் சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. நான் விடவில்லை. அவர் புருஷன் என் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார், பேசவில்லை. கடைசியில் அந்த அம்மா, எலி இல்லாத வளையில், எனக்காக இன்னொரு தடவை ஊதினார். கண்ணில் நீர் வழிய வழிய. அந்தப் படத்தைக் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் போட்டேன். அமெரிக்காவில் இருக்கிற மருமகன் 'அருமை' என்று எழுதினார். இன்னும் சிலர் கைதட்டும் பொம்மை போட்டார்கள்.

சாப்பாட்டுக்காக ஆடச் சொன்னதற்கும் கூலிக்காக ஊதச் சொன்னதற்கும் என்ன வித்தியாசம் என்று என்னால் இன்றுவரை சொல்ல முடியவில்லை.

இதே நான், கோட்டை பார்க்க வந்த ஒருவர் எங்கள் வாசலில் வடாம் காயப்போட்டுக்கொண்டிருந்த என் அம்மாவைக் கேட்காமல் படம் எடுத்தபோது சண்டைக்குப் போனவன். "எங்க அம்மா என்ன காட்சிப்பொருளா?" என்று தெருவே கேட்கக் கத்தினேன். அவர் மன்னிப்புக் கேட்டுப் படத்தை என் கண்முன்னே அழித்தார். என் அம்மாவுக்காக நான் இருந்தேன். அந்த யானாதிப் பெண்ணுக்காகச் சண்டை போட அவர் புருஷனால் முடியாது, ஏனென்றால் மறு வருஷமும் எங்கள் வயலுக்கு வர வேண்டும்.

பாராடாங் பயணத்தை நான் கைவிட்டது மனம் திருந்தி அல்ல. அந்தப் பெருமையை எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. நடு இரவில் எழுந்து, அத்தனை மணி நேரம் வண்டியில் உட்கார்ந்து, பிறகு படகு ஏறி, சேற்றில் நடந்து குகைக்குப் போக என் மனைவியின் முழங்கால் இடம் கொடுக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளை விட்டுவிட்டுத் தனியாகப் போகலாமா என்றுகூட இரண்டு மனசாக இருந்தேன். மகன்தான் அந்த நாளை வெட்டிவிட்டுத் திட்டத்தை மாற்றினான். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அந்த ஏமாற்றம் எவ்வளவு பெரிதாக இருந்தது என்று கவனித்தபோதுதான் எனக்கே முதல் தடவையாகப் பயம் வந்தது. குகைக்காக யாரும் இப்படி வருந்த மாட்டார்கள்.

அதற்குப் பிறகு யானாதிகளைப் பற்றித் தேடிப் படித்தேன். ராக்கெட் ஏவுகிற ஸ்ரீஹரிகோட்டா ஒரு தீவு. ஒரு பக்கம் புலிகாட் ஏரி, இன்னொரு பக்கம் வங்கக் கடல். 2022-ல் மாவட்டங்கள் பிரிந்த பிறகு அது எங்கள் திருப்பதி மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. அந்தக் காட்டில் பல தலைமுறையாக யானாதிகள் வாழ்ந்தார்கள். தேன் எடுத்தார்கள், கிழங்கு தோண்டினார்கள், மீன் பிடித்தார்கள், சென்னைக்குப் போன விறகை வெட்டினார்கள். 1969-ல் ராக்கெட் தளத்துக்கு அந்தத் தீவு தேர்வானது, 1971 அக்டோபரில் முதல் ராக்கெட் கிளம்பியது, யானாதிக் குடும்பங்கள் இடம்பெயர்க்கப்பட்டன. ராக்கெட் நாட்டுக்கு வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பொதுமக்களுக்குப் பார்வையாளர் மாடம் திறந்த பிறகு பேரப்பிள்ளைகளோடு போய்க் கைதட்டிவிட்டும் வந்தேன். அந்தத் தீவில் மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்ற நினைப்பே அன்று எனக்கு எழவில்லை. ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் கடல் தாண்டிப் போய்த் தீவுவாசிகளைப் பார்க்கத் துடித்தவனுக்கு, காரில் போய் வந்த தீவில் யார் இருந்தார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

எங்கள் வயலுக்கு வருகிற குடும்பத்தின் பெரியவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்றும் நான் கேட்டதில்லை. அந்த அம்மாவின் பெயர்கூட எனக்குத் தெரியாமல் இருந்தது. அப்பா காலத்திலிருந்து வருகிறார்கள், எங்கள் திண்ணையில் அவர்கள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தண்ணீர் கேட்டால் வாசலில் வைத்துத்தான் கொடுத்திருக்கிறோம்.

படத்தை என் போனிலிருந்து அழித்துவிட்டேன். குழுவிலிருந்து எடுக்கச் சொல்லி எழுதினேன், ஏன் என்றும் எழுதினேன். இரண்டு பேர் "இதில் என்ன தப்பு?" என்று கேட்டார்கள். எத்தனை பேர் போனில் அது இன்னும் இருக்கிறதோ, அதை என்னால் திரும்ப வாங்க முடியாது. இந்தத் தடவை அறுப்புக்கு முன்னால் அவர்கள் வந்தபோது அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு "பரவாலேது சாமி" என்றார். மன்னித்துச் சொன்னாரா, கூலிக்காரர் முதலாளியிடம் வேறென்ன சொல்ல முடியும் என்று சொன்னாரா, எனக்குத் தெரியவில்லை. கை விசிறியால் காற்றடிக்கிற இரும்புப் பானை புழக்கத்தில் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, ஒன்றை விசாரித்துக்கொண்டிருக்கிறேன். வாயால் ஊத வேண்டியதில்லை. அது கிடைக்கும்வரை எங்கள் வயலில் யாரும் வாயால் ஊத வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஊதாத நாளுக்கும் கூலி உண்டு.

தை மாதத்தில் அந்தமான் போகிறோம். செல்லுலார் சிறை, ஸ்வராஜ் தீவு, ஷஹீத் தீவு, அவ்வளவுதான். என் மனைவியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

நீங்களும் அந்தமானுக்குத் திட்டம் போட்டால், ஏஜென்ட் கொடுக்கும் பட்டியலில் பாராடாங் என்று ஒரு நாள் இருக்கும். அந்த நாளை எடுத்துவிடச் சொல்லுங்கள். ஏன் என்று கேட்டால் காரணத்தையும் சொல்லுங்கள். அந்தச் சாலையில் வீடும் அலுவலகமும் இருக்கிற தீவுக்காரர்களுக்குப் போய்த்தான் ஆக வேண்டும், நமக்கு அப்படி ஒரு தேவையும் இல்லை. நம் கூட்டம் குறைந்தால் அந்தக் காட்டுக்குள் போகிற வண்டிகள் குறையும்.