ஊருக்குப் போகத் துடித்தவர், ஊரை விட்டே போகவில்லை! - திண்டிவனத்தில் ஐடா ஸ்கடர்

"பாண்டி... பாண்டி... பாண்டி!"

"விழுப்புரம், விழுப்புரம்! ஏறு, ஏறு!"

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இந்தக் குரல்கள் ஓயவே ஓயாது. சென்னையில் வேலை பார்க்கும் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை ராத்திரி இங்கேதான் வந்து இறங்குகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, அம்மா கட்டிக்கொடுத்த பொடியையும் ஊறுகாயையும் பையில் வைத்துக்கொண்டு இங்கேதான் பஸ் ஏறுகிறார்கள். ஊர் ஏக்கம் என்றால் என்னவென்று இந்த பஸ் ஸ்டாண்டுக்கு நன்றாகவே தெரியும்.

ஆனால், சுமார் 130 ஆண்டுகளுக்கு முன்பு இதே ஊரில் ஒரு பெண் வேறு மாதிரி ஏங்கினார். 'இந்த ஊரை விட்டு எப்போது கிளம்புவோம்?' என்பதுதான் அவருடைய ஏக்கம். வயது இருபதுதான். பெயர், ஐடா ஸ்கடர். ஆம், வேலூர் சி.எம்.சி மருத்துவமனையை உருவாக்கிய அதே ஐடா ஸ்கடர்தான்!

புளியங்காட்டு ஊர்

'திந்திரிணி' என்றால் வடமொழியில் புளியமரம். புளியமரங்கள் அடர்ந்த வனம் என்பதால் 'திந்திரிணி வனம்' என்றிருந்து, பிறகு திண்டிவனம் ஆனது என்பார்கள். ஊரின் பழைமையான சிவன் கோயிலில் இருப்பவரும் திந்திரிணீஸ்வரர்தான். இன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கும் இந்த ஊர், 1993-ல் மாவட்டம் பிரிக்கப்படும்வரை தென்னாற்காட்டில் இருந்தது. அமெரிக்காவின் 'ஆற்காடு மிஷன்' 19-ம் நூற்றாண்டில் பள்ளி, மருத்துவம் என்று வேலை செய்த ஊர்களில் இதுவும் ஒன்று.

ஸ்கடர் குடும்பத்துக்கு மிஷனரி வேலை பரம்பரைத் தொழில் மாதிரி. ஐடாவின் தாத்தா ஜான் ஸ்கடர், 1819-ல் அமெரிக்காவிலிருந்து கப்பல் ஏறி இலங்கைக்கு வந்தவர். அவருடைய பிள்ளைகளில் ஏழு பேர் இந்தியாவில் மிஷனரிகளாக இருந்தார்கள். அவர்களில் ஒருவரான டாக்டர் ஜான் ஸ்கடரின் மகளாக, 1870-ம் ஆண்டு டிசம்பர் 9 அன்று ராணிப்பேட்டையில் பிறந்தார் ஐடா.

தலையணையில் முகம் புதைத்த இரவு

தாது வருஷப் பஞ்சம் வந்தபோது ஐடா சின்னக் குழந்தை. பசியால் சுருண்டு கிடந்த குழந்தைகளுக்குத் தன் கையால் ரொட்டித் துண்டுகளைக் கொடுத்திருக்கிறார். அந்தக் காட்சி அவர் மனதை விட்டுப் போகவே இல்லை.

பிறகு குடும்பம் அமெரிக்கா போனது. முதலில் அப்பா இந்தியாவுக்குத் திரும்பினார். ஐடாவுக்கு 14 வயதானபோது அம்மா சோஃபியாவும் கப்பல் ஏறினார். படிப்புக்காக சிகாகோவில் உறவினர் வீட்டிலேயே விடப்பட்ட ஐடா, அன்றிரவு அம்மாவின் அறைக்கு ஓடிப்போய், அம்மா படுத்திருந்த தலையணையில் முகம் புதைத்து அழுதார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. போன் கிடையாது; வீடியோ கால் கிடையாது. ஒரு கடிதம் கடல் தாண்டி வந்துசேரவே பல வாரங்கள் ஆகும்.

அப்பாவையும் அம்மாவையும் தன்னிடமிருந்து பிரித்த இந்தியா மீது அந்தச் சிறுமிக்குக் கோபம் வந்ததில் என்ன ஆச்சர்யம்? 'நான் மட்டும் மிஷனரி ஆகவே மாட்டேன்' என்று முடிவெடுத்தார். கல்யாணம், அமெரிக்காவிலேயே ஒரு வசதியான வாழ்க்கை. அவருடைய கனவு அவ்வளவுதான்.

வெயிலும் வெறுப்பும்

மாசசூசெட்ஸில் இருந்த நார்த்ஃபீல்டு பள்ளியில் படிப்பை முடித்த நேரத்தில், 'அம்மாவுக்கு உடம்பு சரியில்லை' என்ற செய்தி வந்தது. 1890-ல் ஐடா திண்டிவனம் வந்தார். அம்மாவைப் பார்த்துக்கொள்வது, மிஷன் பெண்கள் பள்ளியைக் கவனிப்பது, அம்மா தேறியதும் அடுத்த கப்பல். இதுதான் அவர் போட்ட கணக்கு.

திண்டிவனத்து மே மாதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஃபேன் இருக்கும்போதே நாம் தவிக்கிறோம். மின்சாரமே இல்லாத காலத்தில், நோயாளி அம்மா, பள்ளிக்கூட வேலை, பேசிச் சிரிக்க ஒரு தோழிகூட இல்லாத சாயங்காலங்கள்... அந்தப் பெண் எப்படிச் சோர்ந்துபோயிருப்பார்!

மூன்று முறை தட்டப்பட்ட கதவு

1890-களின் முற்பகுதியில் ஓர் இரவு. ஐடா விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கிறார். கதவு தட்டப்படுகிறது. வாசலில் ஒரு பிராமண இளைஞர். மனைவிக்குப் பிரசவ வலி, மருத்துவச்சி கைவிரித்துவிட்டார். ஐடா உடனே அவரை டாக்டரான தன் அப்பாவிடம் அழைத்துப் போகிறார். ஆனால், ஆண் டாக்டர் தன் மனைவியைப் பார்ப்பதற்கு அவர் சம்மதிக்கவில்லை. பெண் என்பதால் ஐடாவைத்தான் கூப்பிடுகிறார். ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது.

சற்று நேரத்தில் மறுபடியும் தட்டும் சத்தம். இந்த முறை ஒரு முஸ்லிம் இளைஞர். அதே பிரச்னை, அதே பதில். மூன்றாவதாக வந்தவர் இன்னொரு இந்துக் குடும்பத்தவர். அவரும் தனியாகவே திரும்பிப் போனார்.

விடிந்தபோது தெருவில் சாவு மேளம். ஐடா ஆளனுப்பி விசாரித்தார். மூன்று பெண்களுமே இறந்துபோயிருந்தார்கள்.

அறைக்குள் போய் வெகுநேரம் யோசித்த ஐடா, பெற்றோரிடம் வந்து சொன்னது இதுதான்: அமெரிக்கா போகிறேன், டாக்டருக்குப் படித்துவிட்டு இங்கேயே திரும்பி வருகிறேன்.

திரும்பி வந்த பிறகு...

1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அங்கே பெண்கள் சேர்க்கப்பட்ட முதல் அணி அது. நியூயார்க் வங்கியாளர் ஷெல், மறைந்த தன் மனைவியின் நினைவாக மருத்துவமனை கட்ட 10,000 டாலர் கொடுத்தார். 1900-ம் ஆண்டு தொடக்கத்தில், தோழி ஆனி ஹான்காக்குடன் வேலூருக்கு வந்து சேர்ந்தார் ஐடா.

வந்த சில மாதங்களிலேயே பேரிடி. கைபிடித்து வேலை சொல்லிக் கொடுப்பார் என்று நம்பியிருந்த அப்பா இறந்துபோனார். புது டாக்டர், தனியாக, மிஷன் பங்களாவின் ஒரு சிறிய அறையில் சிகிச்சையைத் தொடங்கினார். 1902-ல் 40 படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. 1909-ல் நர்சிங் பயிற்சி, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. முதல் அணியில் 14 பெண்கள் படிப்பை முடித்தார்கள்.

களைப்புக்கு என்ன மருந்து?

இவ்வளவு வேலைக்கு நடுவே ஐடா சோர்ந்துபோகவில்லையா? போனார். அதனால்தான் ஓய்வையும் ஒரு வேலையாகவே எடுத்துக்கொண்டார். டென்னிஸ் ஆடுவார். கோடை விடுமுறைக்குக் கொடைக்கானல் போய்விடுவார்.

கொடைக்கானல் ஊர் உருவானதே இப்படித்தான். மதுரைப் பகுதியில் நோயாலும் வெயிலாலும் தங்கள் ஆட்களை இழந்த அமெரிக்க மிஷனரிகள், 1845-ல் அங்கே போய் வீடு கட்டினார்கள். 1901-ல் மிஷனரிகளின் குழந்தைகளுக்காக அங்கே ஒரு பள்ளியும் தொடங்கப்பட்டது. இனி படிப்புக்காகக் குழந்தைகளைக் கடல் தாண்டி அனுப்பிவிட்டு அழ வேண்டியதில்லை. சிகாகோ தலையணையில் அழுத ஐடாவுக்கு அந்தப் பள்ளியின் அருமை நிச்சயம் புரிந்திருக்கும்.

இன்னொரு மருந்தும் ஐடாவிடம் இருந்தது. சிறு வயதில் எந்த அம்மாவுக்காக ஏங்கினாரோ, அந்த அம்மா பல ஆண்டுகள் வேலூரில் மகளுடனேயே இருந்தார். ஊர் என்பது இடம் மட்டும் இல்லையே, ஆட்களும்தானே! 1960 மே மாதம், 89 வயதில், கொடைக்கானலில் இருந்த தன் வீட்டில் ஐடா காலமானார்.

முண்டியம்பாக்கம் வழியாக...

ஐடாவின் பெயரை உலகமே அறியும். அந்த மூன்று பெண்களின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தால், விக்கிரவாண்டி தாண்டியதும் கொஞ்சம் கவனியுங்கள். முண்டியம்பாக்கத்தில் அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி வரும். 2010-ல் தொடங்கியது. மஞ்சள் பையும் ஃபிளாஸ்க்குமாக, பிரசவத்துக்கு வந்த மகள்களுக்குத் துணையாக அம்மாக்கள் அந்த நிறுத்தத்தில் இறங்குவார்கள். வெள்ளை கோட்டைக் கையில் மடித்துப்போட்டபடி மாணவிகளும் இறங்குவார்கள்.

அவர்களில் எத்தனையோ பேர் வெளியூர்ப் பிள்ளைகள். ஹாஸ்டல் அறையில் அம்மாவின் குரல் கேட்க ஏங்குபவர்கள். ஆனால், ராத்திரி டியூட்டியில் லேபர் வார்டின் கதவு தட்டப்பட்டால், திறந்து உள்ளே அழைத்துப்போக இன்று அவர்கள் இருக்கிறார்கள்.