ஐஸ் இருக்கிறது, குளிர்ச்சி இல்லை!

ஒரு காலத்தில் வசதி படைத்தோர் வீட்டுக் கூடத்தில் பூவேலை செய்த விரிப்போடு நின்றிருந்த பிரிட்ஜ், இன்று எங்கள் கொருக்குப்பேட்டையின் ஒற்றையறை வீடுகளிலும் இடம்பிடித்துவிட்டது. பால், தோசை மாவு, மீன் என அதை நம்பியே அடுப்படி நடக்கிறது. சர்க்கரை நோயாளி உள்ள வீட்டிலோ அதுவே மருந்துப் பெட்டியும் ஆகும். அங்கே அது பழுதுபட்டால் கவலை பாலோடு நிற்பதில்லை.

என் மாமியாருக்கு அன்றாடம் இருவேளை இன்சுலின் போடவேண்டும். சென்ற கோடையில், கத்திரி வெயில் வாட்டிய நாளொன்றில், பிரிட்ஜின் கீழ்ப்பகுதியில் வைத்த பால் திரிந்துபோயிற்று. காய்கறிப் பெட்டியில் தண்ணீர் தேங்கியது; விடிந்தால் தரையெல்லாம் ஈரம். ஆனால் மேலே பிரீசரில் ஐஸ் கல்லாய் உறைந்திருந்தது.

முதலில் மருந்தைக் காப்பாற்ற வேண்டும். பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரில் வைக்கவேண்டும். "மேலேதான் நல்லா குளிருதே, அங்கே வச்சிடும்மா" என்றார் மாமி. அது கூடாது. ஒருமுறை உறைந்துவிட்ட இன்சுலின், உருகிய பின்னும் பயன்படாது. ஆகவே புதிய குப்பிகளை அடுத்த வீட்டு அக்காவின் பிரிட்ஜில் வைத்தோம். பயன்பாட்டில் இருந்த குப்பியைப் பற்றி மருந்துக் கடைக்காரரிடம் கேட்டோம். வெயில் படாத, வெப்பம் மிகாத இடத்தில் அது சில வாரம் தாங்கும் என்றார். ஈர மணலில் வைத்த மண்சட்டிக்குள் அதைப் பாதுகாத்தோம்.

அழைத்து வந்த மெக்கானிக் கதவைத் திறந்து பார்த்த மாத்திரத்தில், "கேஸ் இறங்கிடுச்சுக்கா, ஏத்தணும்" என்று சில ஆயிரங்களுக்குக் கணக்குச் சொன்னார். "கேஸ் இல்லையென்றால் மேலே ஐஸ் எப்படித் தம்பி இருக்கிறது?" என்று கேட்டேன். அவரிடம் விடை இல்லை.

பலரும் எண்ணுவதுபோல், பிரிட்ஜில் உள்ள கேஸ் அடுப்புக்குரிய கேஸைப்போல் எரிந்து தீர்வதன்று. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வரும் அது, கசிவு இருந்தாலன்றிக் குறையாது. கசிந்தாலோ, பிரீசரின் குளிர்ச்சியும் குன்றும். கசிவை அடைக்காமல் கேஸ் ஏற்றுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதற்கு ஒப்பாகும்.

உண்மையில் பிரிட்ஜ் குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை. உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே விடுகிறது. இருகதவுப் பெட்டிகளில் பிரீசரின் பின்புறம் குளிர்க்குழாய்கள் உள்ளன. அங்குள்ள சிறு விசிறி, குளிர்ந்த காற்றை ஒரு பாதை வழியே கீழே அனுப்புகிறது. குழாய்மீது படியும் பனியை, சில மணி நேரத்துக்கு ஒருமுறை தானே இயங்கும் ஹீட்டர் உருக்கிவிடும். அந்த நீர் சிறு துளை வழியாக இறங்கி, பின்புறம் கம்ப்ரசரின் மேலுள்ள தட்டில் சேர்ந்து ஆவியாகும்.

அந்தத் துளை அடைபட்டால் என்ன ஆகும்? உருகிய நீர் போக வழியின்றி அங்கேயே உறையும். மிஞ்சியது கீழே வழிந்து காய்கறிப் பெட்டியிலும் தரையிலும் வந்து நிற்கும். உறைந்த பனி வளர்ந்து காற்றுப் பாதையை அடைத்துவிட்டால், மேலே ஐஸ் இருக்கும்; கீழே குளிர்ச்சி இராது. நாங்கள் கண்ட இரண்டு கோளாறுகளுக்கும் காரணம் ஒன்றே!

மின் இணைப்பைப் பிடுங்கி, பொருள்களை அகற்றி, கதவுகளைத் திறந்து, கீழே பழந்துணிகளை விரித்து ஒரு நாள் முழுதும் விட்டுவைத்தோம். கத்தியால் பனியைப் பெயர்க்க ஒருவரையும் விடவில்லை. இன்றைய பெட்டிகள் பலவற்றில் ஆர்-600ஏ என்னும் ஐசோபியூட்டேன் உள்ளது. எளிதில் தீப்பற்றக்கூடியது அது. குழாயில் கத்தி பட்டால் பெட்டியும் பாழ், ஆபத்தும் உண்டு. பனி கரைந்தபின், ஊசியில்லாத பெரிய சிரிஞ்சினால் வெதுவெதுப்பான நீரைத் துளைக்குள் மெல்லச் செலுத்தினோம். கறுத்த பாசியோடு அடைப்பு இறங்கிற்று. இணைப்புக் கொடுத்துப் பல மணி நேரம் ஓடியபின், கீழ்ப்பகுதியும் குளிர்ந்தது.

மூன்று வாரம் சென்றதும் பனி மீண்டும் கட்டத் தொடங்கியது. அப்படியானால் பனியை உருக்கும் ஏற்பாட்டிலேயே பழுது உண்டென்று பொருள். தண்டையார்பேட்டையிலிருந்து வந்த வயது முதிர்ந்த மெக்கானிக் ஒருவர் மீட்டர் வைத்துச் சோதித்தார். ஹீட்டரை இயக்கும் சிறு உறுப்பு ஒன்றை மாற்றினார். முன்னவர் கேட்டதில் கால்பங்குகூட ஆகவில்லை. கேஸைத் தொடவே இல்லை. இன்சுலின் குப்பிகள் வீடு திரும்பின.

மெக்கானிக்கை அழைக்குமுன் நாமே பார்க்கக்கூடியவை இன்னும் சில உண்டு. 1842 வாக்கில் சென்னைக் கடற்கரையில் எழுந்த ஐஸ் ஹவுசுக்கு, அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து கப்பலில் ஐஸ் வந்தது. மரத்தூள் போர்த்தி வெளிவெப்பத்தைத் தடுத்ததால்தான் மாதக்கணக்கான பயணத்தை அது தாங்கியது. அதே வேலையைப் பிரிட்ஜின் சுவரும் கதவு ரப்பரும் செய்கின்றன. ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்துவிட்டால் அங்கே ரப்பர் தளர்ந்திருக்கிறது என்று அறியலாம். சோப்பு நீரால் துடைத்தும் பிடிக்காவிட்டால் மாற்றிவிடுங்கள்.

சரக்கு ரயிலும் கண்டெய்னர் லாரியும் ஓயாத நம் பகுதியில் தூசிக்குக் குறைவில்லை. பின்புறக் கம்பிவலை உள்ள பெட்டியானால், இணைப்பைத் துண்டித்து அதன் தூசியைத் துடையுங்கள். புதிய பெட்டிகளில் பக்கச் சுவர்களே வெப்பத்தை வெளிவிடுவதால், அவை சுடுவதைக் கண்டு அஞ்சவேண்டாம். சுவரோடு ஒட்டாமல் இடம் விட்டால் போதும். ஹஜ்ஜுப் பெருநாள் இறைச்சியைப் பிரீசரில் வைக்கும்போது, காற்றுத் துவாரங்களை மறைக்காமல் சிறு சிறு பொட்டலங்களாக அடுக்குங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது வடசென்னை வீடுகளில் வெள்ளம் புகுந்ததை நாம் மறக்கவில்லை. நீரில் நின்ற பிரிட்ஜை, எலக்ட்ரீஷியன் பாராமல் இயக்கக் கூடாது. மின்சாரம் நின்றால் கதவைத் திறவாதீர்கள்; மூடியிருந்தால் ஏறத்தாழ நான்கு மணி நேரம் குளிர்ச்சி நிற்கும்.

தொழில் அறிந்தவரின் உழைப்புக்குரிய கூலியைத் தயங்காமல் கொடுக்கவேண்டும். ஆனால் பணத்தை எடுக்குமுன், "மேலே ஐஸ் உறைகிறதா? தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" என்ற இரண்டு கேள்விகளை நம்மையே கேட்டுக்கொள்வோம். விடைகளை மெக்கானிக்கிடம் சொன்னால் அவருக்கும் வேலை எளிதாகும். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் நமக்கும் வீண்செலவு மிச்சமாகும்.