மூச்சுக் கருவியோடு சிட்னிக்கு

சென்னையிலிருந்து சிட்னிக்கு நேர் விமானம் கிடையாது. சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ இறங்கி மாறி ஏற வேண்டும். நாங்கள் சிங்கப்பூர் வழியைத் தேர்ந்தெடுத்தோம். காலையில் மீனம்பாக்கத்தில் ஏறினால் சாயங்காலம் சாங்கி விமான நிலையம். அங்கே சில மணி நேரம் காத்திருந்து இரவு விமானத்தைப் பிடித்தால் மறுநாள் காலை சிட்னி. டிக்கெட் போடும்போது மகள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அப்பா, ராத்திரி எட்டு மணி நேரம் ஃப்ளைட்ல இருப்பீங்க. மெஷின் போட்டுக்குவீங்கல்ல?"

எங்கள் வீட்டில் மெஷின் என்றால் சி-பாப் கருவி. ஸ்லீப் அப்னியா உள்ளவர்கள் மூக்கில் மாஸ்க் மாட்டிக்கொண்டு தூங்குவதற்கான சிறிய பெட்டி. தூக்கத்தில் எல்லோருக்கும் தொண்டைத் தசைகள் தளரும். சிலருக்கு அந்தத் தளர்ச்சியில், காற்றுப் போன சைக்கிள் டியூப் ஒட்டிக்கொள்வதுபோல, மூச்சுப் பாதை மூடிவிடும். மூச்சு நிற்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். மூளை திடுக்கிட்டு உடம்பை உலுக்கும்; பெரிய குறட்டையோடு மூச்சு திரும்பும். மறுபடி தளரும், மறுபடி மூடும். மணிக்கு முப்பது முறையும் அதற்கு மேலும் இப்படி நடந்தால் கடுமையான நிலை என்கிறார்கள். தூங்குகிறவருக்கு இதில் எதுவும் நினைவிருக்காது. பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் தெரியும். என் மனைவி, நின்ற மூச்சு எப்போது திரும்பும் என்று பார்த்துக்கொண்டே விழித்திருந்த இரவுகள் பல.

கருவி செய்கிற வேலை எளியது. அறைக் காற்றை உள்ளிழுத்து, கொஞ்சம் அழுத்தம் கூட்டி, குழாய் வழியாக மூக்குக்குள் அனுப்புகிறது. அந்த அழுத்தத்தை நீர் மட்டத்தின் சென்டிமீட்டர் கணக்கில் சொல்வார்கள். பெரும்பாலான கருவிகளில் 4 முதல் 20 வரை வைக்கலாம். 10 என்பது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான். பாதை மூடாமல் நிற்க அதுவே போதும். இதில் மருந்தும் இல்லை, ஆக்சிஜன் சிலிண்டரும் இல்லை. மாட்டிய இரவுக்குப் பலன் உண்டு. மாட்டாத இரவுக்கு இல்லை.

"ஒரு ராத்திரிதானே, முழிச்சுட்டே போயிட்டாப் போச்சு" என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. யாரும் எட்டு மணி நேரம் முழித்துக்கொண்டு போவதில்லை. விளக்கை அணைத்ததும் கண் தானாக மூடிவிடும். அப்போது நாம் சுவாசிப்பது தரைமட்டத்துக் காற்று அல்ல. விமானத்தின் உள்ளே காற்றழுத்தத்தை 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருக்கும் அளவுக்குத்தான் வைத்திருப்பார்கள். கொடைக்கானல் சுமார் 7,000 அடி. நோயில்லாத ஆளுக்கே அங்கே ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு சற்று இறங்கும். அப்படி ஏற்கெனவே இறங்கிய நிலையில் மூச்சும் நின்று நின்று வந்தால் உடம்பு தாங்குகிற சுமை இரட்டிப்பு. தூக்கம் வரட்டும் என்று பலர் வாங்கிக் குடிக்கிற ஒயினும், போட்டுக்கொள்கிற தூக்க மாத்திரையும் தொண்டைத் தசைகளை இன்னும் தளர்த்திவிடும். இந்த நோய் உள்ளவர்கள் விமானத்தில் அவை இரண்டையும் தொடாமலிருப்பது நல்லது.

ஆகவே டிக்கெட் கையில் வந்ததுமே விமானக் கம்பெனிக்கு மெயில் எழுதினேன். கருவியின் பெயர், மாடல், எடை, பேட்டரியின் அளவு, எந்த விமானத்தில் பயன்படுத்தப் போகிறேன் என்ற விவரம், டாக்டர் கடிதம் எல்லாம் சேர்த்து. கருவியின் அடிப்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்பியது மிகவும் உதவியது. விமானத்தின் மின்னணுச் சாதனங்களுக்கு இடைஞ்சல் தராது என்று சோதித்த கருவிகளில் அதற்கான குறிப்பு அங்கேதான் இருக்கும். 'ஆர்டிசிஏ டிஓ-160' என்ற எழுத்துகளைத் தேடுங்கள். மூன்றாம் நாள் அனுமதி வந்தது. அதைத் தாளில் அச்செடுத்து வைத்துக்கொண்டேன். கவுண்டரில் போனைத் திறந்து மெயிலைத் தேடுவதைவிடத் தாளை நீட்டுவது எவ்வளவோ சுலபம்.

பேட்டரிக்கென்று தனி விதிகள் உண்டு. லித்தியம் பேட்டரி 100 வாட்-மணி வரை கைப்பையில் தடையில்லை. 100 முதல் 160 வரை விமானக் கம்பெனியின் அனுமதி வேண்டும். அந்த அளவில் உதிரியாக இரண்டுதான் கொண்டுபோகலாம். 160க்கு மேல் அனுமதி கிடையாது. கருவியிலிருந்து கழற்றி எடுத்துப்போகும் பேட்டரி எந்த அளவாக இருந்தாலும் செக்-இன் பெட்டியில் போடவே கூடாது. கெடுபிடி வர வரக் கூடுகிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரலிலிருந்து பயணத்தின்போது பவர் பேங்க் பயன்படுத்துவதையே நிறுத்திவிட்டது. சி-பாப் பேட்டரி வேறு, போனுக்கான பவர் பேங்க் வேறு என்று விமானத்தில் நின்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது. அதற்காகவே முன்கூட்டி எழுதுவது.

கருவியை எந்தக் காரணம் கொண்டும் செக்-இன் பெட்டியில் போடாதீர்கள். முன்பு ஓர் உள்நாட்டுப் பயணத்தில், கைப்பை ஏழு கிலோவைத் தாண்டுகிறது என்று சொல்லி, கெஞ்சியும் கேட்காமல் என் கருவியை வாங்கிச் சாமான்களோடு அனுப்பிவிட்டார்கள். இறங்கி எடுத்துப் பார்த்தால், காற்றுக்கு ஈரம் சேர்க்கும் தண்ணீர்த் தொட்டி விரிசல் விட்டிருந்தது. போன ஊரில் அதற்கு மாற்றுப் பாகம் கிடைக்கவில்லை. அன்று இரவெல்லாம் மனைவி தூங்கவில்லை. அமெரிக்காவில் இந்தப் பிரச்சினைக்கே இடமில்லை. சி-பாப் போன்ற கருவிகளைக் கைப்பைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று அங்கே விதியே இருக்கிறது. விமானத்தில் அதைப் பயன்படுத்த விடவும் வேண்டும். 48 மணி நேரம் முன்பே சொல்லுங்கள், பயண நேரத்தைப் போல ஒன்றரை மடங்குக்குப் பேட்டரி கொண்டுவாருங்கள் என்று கம்பெனி கேட்கலாம், அவ்வளவுதான். நம் கவுண்டர்களில் நிற்கும் பிள்ளைகளுக்கும் இந்த அளவு தெளிவான பயிற்சி கொடுத்தால் எத்தனையோ பேருக்கு நிம்மதி.

இந்த முறை அனுமதித் தாளைப் பார்த்ததும், கவுண்டரில் இருந்த பெண், "மெடிக்கல் டிவைஸா அங்கிள்? இதை வெயிட் போட வேண்டாம்" என்று சொல்லித் தனி அட்டை ஒன்றைக் கட்டிவிட்டாள். பாதுகாப்புச் சோதனையில் லேப்டாப்பைப்போல இதையும் வெளியே எடுத்து டிரேயில் வைக்க வேண்டும். மாஸ்க்கும் குழாயும் பைக்குள்ளேயே இருக்கலாம். கருவியை டிரேயில் நேரே வைக்காமல், சுத்தமான கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பையில் போட்டு வைப்பது என் வழக்கம். எல்லோருடைய செருப்பும் பெல்ட்டும் கிடந்த டிரே அது. இந்தக் கருவிதான் நம் நுரையீரலுக்குக் காற்று அனுப்பப் போகிறது. திரையைப் பார்த்த காவலர் புருவத்தை உயர்த்தினார். மூக்கில் கை வைத்துக் காட்டி, தூங்குவதுபோல் தலையைச் சாய்த்தேன். புரிந்துகொண்டு, "ஓகே, ஓகே" என்று அனுப்பிவிட்டார்.

சிங்கப்பூர் விமானத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் புதுக்கோட்டைப் பக்கத்து இளைஞர். விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்புகிறார். விமானம் மேலே ஏறி நிலைக்கு வரும் முன்பே தூங்கிவிட்டார். குறட்டை சீராகத்தான் ஆரம்பித்தது. பிறகு சட்டென்று நின்றது. நெஞ்சு ஏறி இறங்க முயல்கிறது, காற்று போகவில்லை. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெரும் திணறலோடு தலையைத் தூக்கினார், கண் திறக்காமலே மறுபடி சாய்ந்தார். இன்னும் சற்று நேரத்தில் அதேபோல் மறுபடியும். என் மனைவி என் கையைப் பிடித்து, "ஏங்க, நீங்களும் இப்படித்தான் இருந்தீங்க" என்றாள்.

சாப்பாடு வந்தபோது எழுந்தார். பேச்சுக் கொடுத்தேன். சிங்கப்பூரின் துவாஸ் பகுதியில் கப்பல் கட்டும் தளத்தில் சாரம் கட்டுகிற வேலை.

"தம்பி, ராத்திரி குறட்டை வருமா உங்களுக்கு?"

"அதை ஏன் சார் கேக்குறீங்க. டார்மிட்டரில ஒரே ரூம்ல பன்னெண்டு பேரு. பசங்க என்னை மூலையில தள்ளிட்டானுங்க."

"பகல்ல தூக்கம் வருதா?"

கொஞ்சம் தயங்கினார். "லாரியில ஏத்திட்டுப் போவாங்கல்ல, ஏறின உடனே தூங்கிருவேன். சாப்பாட்டுக்கு உக்காந்தா தூங்கிருவேன். மேல நிக்கிறப்பகூட சில நேரம் கண்ணு சொருகுது சார். வெயிலுன்னு நெனச்சேன்."

உயரத்தில் பலகை மேல் நிற்கிற ஆள் இதைச் சொல்கிறார். என் காலடியில் இருந்த பையைத் திறந்து கருவியைக் காட்டினேன். மாஸ்க்கைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு ராத்திரி தூக்கப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும், கம்பெனி டாக்டரிடம் பகல் தூக்கத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள், வெயில் என்று விட்டுவிடாதீர்கள் என்றேன். "இதுக்கு மெஷின்லாம் இருக்கா சார்?" என்று அவர் கேட்டதை என்னால் எளிதில் மறக்க முடியவில்லை. முப்பது வயதுகூட இருக்காது. குறட்டையைக் கேலி செய்ய அறையில் பதினொரு பேர் இருந்திருக்கிறார்கள். அது நோய் என்று சொல்ல ஒருவர்கூட இல்லை.

சாங்கியில் பாதுகாப்புச் சோதனை பெரும்பாலும் ஏறும் கேட்டிலேயே நடக்கும். மாறி ஏறுகிறவர்களும் கருவியை மறுபடி வெளியே எடுத்தாக வேண்டும். இரவு விமானத்தில் எங்கள் இருக்கை நடுப்பகுதியில். காலை நீட்ட இடம் உண்டு என்பதற்காக முன் சுவரை ஒட்டிய வரிசையைக் கேட்காதீர்கள். அங்கே பையை வைக்க முன்னால் சீட் இருக்காது. விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் கருவி சீட்டுக்கு அடியில்தான் இருக்க வேண்டும். விளக்கை அணைத்த பிறகு எடுத்து, சீட்டில் உள்ள பிளக்கில் செருகினேன். கருவிகளின் அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் என்பதால் விமானத்தின் 110 வோல்ட் தொந்தரவில்லை. ஆனால் சீட் பிளக்கில் கிடைக்கும் மின்சாரம் குறைவு. தண்ணீரைச் சூடாக்கும் ஹியூமிடிஃபையரைப் போட்டால் அது தாங்காது. தண்ணீரோடு கருவியைச் சாய்த்தால் மோட்டாருக்குள்ளும் போய்விடும். அதனால் தொட்டியை வீட்டிலேயே காலி செய்து துடைத்து எடுத்து வந்திருந்தேன். விமானக் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே. மூக்கு காய்ந்துபோகும். உப்புநீர் ஸ்ப்ரே ஒன்றை மாஸ்க் போடும் முன் அடித்துக்கொண்டேன். அதுவே காலை வரை தாங்கியது.

மாஸ்க்கோடு நாலு பேர் முன்னால் உட்காரக் கூச்சமாக இருக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. கருவியின் சத்தம் என்ஜின் இரைச்சலில் காதில் விழவே விழாது. குறட்டைதான் விழும். என் மனைவி அன்று என் தோளில் சாய்ந்து தூங்கினாள். விமானத்தில் அவள் தூங்கி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

சிட்னி விமான நிலையத்தில் இரவு 11 முதல் காலை 6 வரை விமானங்களுக்கு ஊரடங்கு. விடிந்த பிறகே இறங்கினோம். தலை பாரமில்லை, கால் தள்ளாட்டமில்லை. வென்ட்வொர்த்வில்லில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு, பேரனோடு பகல் முழுக்கப் பேசிக்கொண்டிருக்க முடிந்தது. ஆஸ்திரேலிய பிளக் சாய்ந்த தகட்டுக் கால்களைக் கொண்டது; கருவியைச் செருகப் பிளக் மாற்றி ஒன்று வேண்டும். தொட்டிக்கு ஊற்ற, சூப்பர் மார்க்கெட்டில் துணி துவைக்கும் சாமான்கள் வரிசையில் தாது நீக்கிய தண்ணீர் கிடைக்கிறது.

அந்த வாரத்தில் ஒருநாள் ரயிலில் ரெட்ஃபர்ன் போய், பல்கலைக்கழகத்தின் ஊடாக நடந்து கேம்பர்டவுனில் உள்ள ராயல் பிரின்ஸ் ஆல்ஃபிரட் மருத்துவமனையைப் பார்த்து வந்தேன். 1882இல் திறந்த மருத்துவமனை. சிட்னிக்கு வரும் எல்லோரும் ஓப்பரா ஹவுஸைப் பார்க்கிறார்கள். எனக்கு இந்த இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டியிருந்தது. இந்த மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் காலின் சல்லிவன் 1980 ஜூனில் சி-பாப் முறையை முதன்முதலாக ஒரு நோயாளிக்குக் கொடுத்துப் பார்த்தது சிட்னியில். அதுவரை கடுமையான ஸ்லீப் அப்னியாவுக்குப் பலனளித்த ஒரே சிகிச்சை, தொண்டையில் துளையிட்டு அதன் வழியாக மூச்சுவிடச் செய்வது. அதற்கு ஒப்பாத ஒரு கட்டுமானத் தொழிலாளிதான் முதல் நோயாளி. ஆரம்பகாலக் கருவிகளில் வாக்யூம் கிளீனர் மோட்டாரை வைத்துக் காற்றை ஊதினார்கள். முகத்தை அச்செடுத்து மாஸ்க் செய்து, ஒவ்வோர் இரவும் சிலிக்கோன் பசையால் ஒட்டினார்கள். ஐந்து நோயாளிகளைப் பற்றிய கட்டுரை 1981 ஏப்ரலில் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. என் பையில் இருக்கும் கருவி அதன் வழி வந்தது. முதல் நோயாளி கட்டுமானத் தொழிலாளி என்பதை நினைத்தபோது துவாஸ் தம்பியின் முகம்தான் எனக்கு முன்னால் வந்தது.

இதைப் படிப்பவர்களில் மெஷின் வைத்திருப்பவர்கள் டிக்கெட் எடுத்த அன்றே விமானக் கம்பெனிக்கு எழுதுங்கள். கருவியைக் கையில் எடுத்துப் போங்கள். இரவு விமானம் என்றால் கூச்சப்படாமல் மாட்டிக்கொள்ளுங்கள். மெஷின் இல்லாதவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில், விடுதி அறையில், பக்கத்து சீட்டில் யாருக்காவது குறட்டை நடுவில் நின்று திணறலோடு திரும்பினால், சிரித்துவிட்டுப் போகாதீர்கள். எழுந்ததும் அவரிடம் சொல்லுங்கள், டாக்டரிடம் அனுப்புங்கள்.