வாப்பாவின் குரலும் ஒரு கோப்பு முறைமையும்

சபராளிகள் கடிதத்துக்குப் பதிலாகத் தம் குரலையே பதிந்து அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. வளைகுடாவிலிருந்து ஊர் திரும்புவோர் கையில் கொடுத்தனுப்பிய அந்த ஒலிநாடாக்கள் எத்தனையோ இல்லங்களில் இன்னும் உறங்கிக் கொண்டிருக்கும். மயிலாப்பூரில் எங்கள் இல்லத்தில் இருந்தவை 65. 1982 முதல் 1990 வரை மர்ஹூம் வாப்பா துபாயிலிருந்து பேசி அனுப்பியவை. சென்னையின் ஈரக்காற்றில் நாடாக்களில் பூஞ்சை படரத் தொடங்கியதும் அவற்றைக் கணினிக்கு மாற்றத் துணிந்தோம். மூன்று நாடாக்களை மட்டும் உம்மா என்னிடம் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒரு மணி நேர ஒலியைச் சுருக்காமல் குறுந்தகட்டின் தரத்தில் பதிந்தால் சுமார் 635 மெகாபைட் ஆகும். ஒலி சிறிதும் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் முறையில் அது கணிசமாகக் குறையும். ஆக, இடம் ஒரு சிக்கலே அன்று. எந்த ஏற்பாட்டில் வைப்பது என்பதுதான் கேள்வி. ஹார்டு டிஸ்க் ஓர் அலமாரி என்றால், எந்தப் பொருள் எந்தத் தட்டில் என்று கணக்கு வைத்திருப்பது கோப்பு முறைமை. என் கணினியில் இயங்குவது லினக்ஸ். அதில் இத்தகைய கோப்பு முறைமைகள் பல உண்டு. ஆலோசனை கூறிய நண்பர்கள் யாவரும் வேகத்தைப் பற்றியே பேசினார்கள். ஒரு முறை எழுதி, எப்போதாவது கேட்கப் போகும் குரலுக்கு வேகம் எதற்கு? முப்பது ஆண்டுகள் கழித்தும் அது அப்படியே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த ஐயம் காரணமின்றி எழவில்லை. தியாகராய நகரில் வசிக்கும் தம்பியின் நிக்காஹ் படங்களுள் ஒன்று, பல ஆண்டுகளுக்குப் பின் திறந்தபோது, பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாக இருந்தது. அதிலிருந்து எடுத்த பிரதிகளும் அப்படியே. வட்டில் எங்கோ சில எண்கள் மாறியிருக்கின்றன. கோப்பு முறைமை அதை அறியாமலே எடுத்துக் கொடுத்திருக்கிறது. பிரதிகள் அந்தப் பிழையையும் பிசகாமல் சுமந்திருக்கின்றன. வட்டு முற்றிலும் பழுதானால் தெரிந்துவிடும். இப்படி ஓசையின்றிக் கெடுவதுதான் ஆபத்து.

2008-இல் நிலைபெற்ற எக்ஸ்ட்4, சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய எக்ஸ்எஃப்எஸ் ஆகிய இரண்டும் உறுதியானவை. மின்சாரம் திடீரென நின்றாலும் தம் கணக்கேட்டைக் காத்துக்கொள்பவை. ஆனால் அவை சரிபார்ப்பது கணக்கேட்டை மட்டுமே, உள்ளிருக்கும் சரக்கை அன்று. பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் இரண்டும் சரக்கின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைக் குறித்து வைத்து, படிக்கும்தோறும் ஒப்பிடுகின்றன. ரமலான் இரவுகளில் தராவீஹ் தொழ வைக்கும் ஹாபிழுக்குப் பின்னால் இன்னொரு ஹாபிழ் நிற்பதை நாம் அறிவோம். முன்னவர் தடுமாறும் இடத்தில் பின்னவர் எடுத்துக் கொடுப்பார். இரண்டு வட்டுகளில் ஒரே சரக்கை வைத்தால் இந்த முறைமைகள் செய்வதும் அதுவே. ஒன்றில் பிழை கண்டால் மற்றதிலிருந்து திருத்திக்கொள்ளும். ஒரே வட்டு என்றால் பிழையைச் சொல்லும், திருத்த வழியிராது.

2005-இல் சன் நிறுவனம் வெளியிட்ட இசட்எஃப்எஸ் அனுபவத்தில் மூத்தது. எனினும் உரிமச் சிக்கலால் அது லினக்ஸ் கருவில் சேர்க்கப்படவில்லை; தனியே நிறுவிப் பேண வேண்டும். பிடிஆர்எஃப்எஸ் 2009 முதல் கருவிலேயே இருக்கிறது. அதன் ரெய்டு 5, 6 ஏற்பாடுகளை நம்ப வேண்டாம் என்று அதைச் செய்தவர்களே எச்சரிக்கிறார்கள். இரண்டு வட்டுகளின் நேரடி இரட்டைப் பதிவுக்கு அந்தக் குறை இல்லை. எனவே ரிச்சி தெருவில் இரண்டு வட்டுகள் வாங்கி, பிடிஆர்எஃப்எஸ் முறையில் அமைத்தேன். மாதம் ஒருமுறை ஸ்கிரப் என்னும் முழுச் சோதனை நடக்கிறது.

ஆயினும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரண்டு வட்டுகளை இரண்டு பிரதி என்று எண்ணக் கூடாது. 2015 டிசம்பரில் அடையாற்றங்கரையின் தரைத்தளங்களில் வெள்ளம் புகுந்ததை மறந்தவர் யார்? மூன்றாம் பிரதி அடையாறில் லாத்தா வீட்டில், இரண்டாம் மாடியில் இருக்கிறது.

அந்த மூன்றாவதை எந்த முறைமையில் வைப்பது என்று தீர்மானித்தவர் உம்மாதான். "நீயும் இல்லாத காலத்தில் இதை யாருப்பா திறப்பா?" என்று கேட்டார். தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய தமிழ் நூல்களை மைக்ரோஃபிலிமில் பதிந்து காத்தது. அதைப் படிக்க வெளிச்சமும் உருப்பெருக்கும் கண்ணாடியும் போதும். வட்டுக்கு அந்தப் பெருமை கிடையாது. லாத்தா வீட்டில் இருப்பதோ விண்டோஸ் கணினி. பிடிஆர்எஃப்எஸ் வட்டை அதனால் படிக்க இயலாது. ஆகவே அங்கு மட்டும் எக்ஸ்ஃபாட். அதற்குச் சரிபார்க்கத் தெரியாது, மின்வெட்டையும் தாங்காது. ஆனால் அநேகமாக எந்தக் கணினியும் அதைத் திறக்கும். ஆண்டுக்கு ஒருமுறை எழுதி, சரிபார்ப்பு எண்களின் பட்டியலையும் உடன் வைத்து, ஒப்பிட்டுப் பார்த்த பின்பே கழற்றி வைக்கிறோம். திறக்கும் விவரத்தைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு உம்மாவின் பீரோவில் வைத்தாயிற்று.

பெயரிடுவதில்தான் எதிர்பாராத இடர். பிடிஆர்எஃப்எஸ்ஸில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுக்குள் அடங்க வேண்டும். தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட் எடுப்பதால் 85 குறிகளோடு நின்றுவிடும். 'வா' என்பதே இரண்டு குறி. உம்மா சொல்லும் பெயர்களோ, "பெரிய மச்சான் கப்பலில் வந்தபோது கொடுத்தனுப்பியது, உனக்கு அப்போது அம்மை போட்டிருந்தது" என்று நீள்கின்றன. ஆகவே கோப்புக்கு வெறும் எண்ணும் ஆண்டும் மட்டும். உம்மா சொல்லச் சொல்ல, என் மகள் தனி ஏட்டில் எழுதிக்கொள்கிறாள். இதுவரை 41 நாடாக்கள் முடிந்திருக்கின்றன.