மூன்று பட்டை ஆணி

பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் துறை 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவி, கைபேசி, வீட்டுச் சாதனம், வாகனம் என நான்கு துறைகள். அவ்வாண்டு டிசம்பரில் அதற்கென ஓர் இணையதளமும் வந்தது. இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் நண்பர், “குழு கிடக்கட்டும், பாயை வந்து பாருங்க” என்று சென்னை ரிச்சி தெருவுக்குக் கூட்டிப்போனார்.

அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பி, வயர் சுருள்களையும் பழைய போர்டு மூட்டைகளையும் தாண்டினால், மீரான் சாகிப் தெருப் பக்கம் ஒரு மாடிப்படிக்கு அடியில் பாய் உட்கார்ந்திருக்கிறார். ஒரு மேசை, சின்ன சாணைக்கல், சால்டரிங் அயர்ன், அவ்வளவுதான் கடை. பெயர்ப் பலகை கிடையாது. மற்ற கடைகளில் திறக்க முடியாமல் போனவைதான் இவரிடம் வருகின்றன.

அன்று ஒரு எலக்ட்ரிக் கெட்டில் வந்திருந்தது. அடிமூடியில் மூன்று திருகுகள். தலையில் ஸ்டாரும் இல்லை, மைனஸும் இல்லை, முக்கோணப் பள்ளம். அதுவும் விரல் நுழையாத குழியின் ஆழத்தில். பாயிடம் சீன பிட் செட் இருக்கிறது, முக்கோண பிட்டும் அதில் உண்டு. ஆனால் பிட்டைப் பிடிக்கிற தண்டு குழியைவிடத் தடிமன். மேலேயே முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது.

பாய் தகர டப்பாவைக் கவிழ்த்து ஒரு கான்கிரீட் ஆணியை எடுத்தார். நுனி மூன்று பட்டையாகத் தேய்க்கப்பட்டிருந்தது. “முதல்ல சைக்கிள் கம்பில செஞ்சேன் சார். அது இரும்பு இல்ல, இடியாப்பம். முறுக்கினா முறுக்கிக்கும். கான்கிரீட் ஆணி கெட்டி.” அந்தக் கெட்டியைக் காப்பாற்றுவதுதான் வேலை. சாணையில் வைத்து அழுத்தினால் நுனி சூடேறி நீலம் பாயும். நீலம் பாய்ந்தால் எஃகின் பதம் போய்விடும், அடுத்த முறுக்கில் மழுங்கும். அதனால் ஒரு நொடி தேய்ப்பு, உடனே தண்ணீரில் முக்கல். இந்தக் கெட்டிலின் பள்ளம் கொஞ்சம் சிறியதாம். ஒவ்வொரு பட்டையிலும் இரண்டு இழைப்பு இழைத்து, குழிக்குள் விட்டுப் பார்த்து, மறுபடி இழைத்தார். ஆட்டம் இல்லாமல் உட்கார்ந்ததும் ஆணித்தலையை வைஸ் கிரிப்பால் கவ்வி, உள்ளங்கையால் அழுத்தியபடி கால் திருப்பு. இறங்கிப்போன திருகு மெல்ல மேலே வந்தது.

மற்ற திருகுத் தலைகளுக்கு வேறு வழிகள். நடுவில் முள் வைத்த ஆறுமுனைத் திருகானால் மைனஸ் டிரைவரைப் பக்கவாட்டில் வைத்து சுத்தியால் ஒரு தட்டு. முள் உடைந்தால் அது சாதாரணத் திருகு. இரட்டைக் கண் திருகுக்குக் கூர்மூக்குக் குறடு. இறுக்கம் குறைந்ததென்றால் பேனாவின் பிளாஸ்டிக் முனையை உருக்கித் தலையில் பதித்து, ஆறியபின் திருப்பலாம். ஒரு பக்கம் மட்டுமே திரும்புகிற திருகில் ஏதோ செய்து காட்டினார். ஆக்ஸா பிளேடு வந்தது, தீப்பொறி வந்தது, எனக்குப் பிடிபடவில்லை.

கெட்டிலின் உள்ளே ஒரு காண்டாக்ட் கருகியிருந்தது. உப்புத்தாளால் தேய்த்ததும் வேலை முடிந்தது. இதற்குத்தான் ஏதோ ஒரு சர்வீஸ் சென்டர் “புதுசு வாங்கிக்குங்க” என்றிருக்கிறது. வேலையைப் பாயிடம் கொண்டுவரும் முன்கடைக்காரர் வாடிக்கையாளரிடம் வாங்குவதில் பாய்க்கு வருவது கால்வாசி. கெட்டிலைத் திறந்தவர் யாரென்று அதன் சொந்தக்காரருக்குக் கடைசிவரை தெரியாது.

கருகிய காண்டாக்டைத் திருட எந்தத் திருடன் வரப்போகிறான்? திருகு என்கிற இந்தப் பூட்டு, காசு கொடுத்து வாங்கியவனுக்கு எதிராகப் போட்டது. ஆப்பிள் நிறுவனம் ஐந்து இதழ்த் திருகை 2009இல் மேக்புக் ப்ரோவின் பேட்டரிக்குக் கொண்டுவந்தது. 2010இல் சாதாரண ஸ்டார் திருகோடு விற்ற ஐபோன் 4ஐ, பழுதுபார்க்கக் கொடுத்தவர்களிடம் ஐந்து இதழ்த் திருகு மாட்டித் திருப்பிக் கொடுத்தது. சொந்தப் பொருளின் பூட்டு, சொந்தக்காரரைக் கேட்காமலே மாறிவிட்டது. அதற்கான திருப்புளியை, பழுதுபார்க்கும் கருவிகள் விற்கும் ஐஃபிக்ஸிட் நிறுவனம் 2011 ஜனவரியில் விற்க ஆரம்பித்தது. இன்று ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் கிடைக்கிறது. பூட்டு தோற்றுவிட்டது என்று சொல்லலாம். ஆனால் அதற்குள் எத்தனை பொருள் குப்பைக்குப் போயிருக்கும், எத்தனை பேர் “நமக்கு எதுக்கு வம்பு” என்று கையைக் கட்டிக்கொண்டிருப்பார்கள்! வாரண்டி என்ற சொல்லைக் காட்டியே ஒரு தலைமுறையை மிரட்டி வைத்திருக்கிறார்கள். எந்தத் திருகானாலும் சாதாரண டிரைவரில் கழல வேண்டும் என்று ஒரே வரியில் சட்டம் போட்டால் என்ன?

நான் இப்படிப் பொரிந்துகொண்டிருந்தபோது பாய், மேசைக்கடியில் இருந்த மைக்ரோவேவ் அடுப்பைக் காலால் காட்டினார். பின்மூடியில் முள் வைத்த திருகுகள். “இதுக்கு என்ன சட்டம் சார் போடுவீங்க? இதுல பூட்டு இருக்கறது சரிதான்.” உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் 2000 வோல்ட்டுக்கு மேல் ஏற்றுகிறது, பிளக்கைப் பிடுங்கின பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். கை பட்டால் உயிரே போகலாம்.

“இந்த முள்ளை உடைக்க எனக்கு அரை நிமிஷம். ஆனா ஆள் பக்கத்துல இல்லாம திறக்கமாட்டேன்” என்றார். எதிர்க்கடைப் பையன்தான் அந்த ஆள். அவன் சாப்பிடப் போயிருந்தான். முன்கடைக்காரர் அதற்குள் போன் போட்டு, அடுப்பு ஏன் இன்னும் ரெடியாகவில்லை என்று சத்தம் போட, “நாளைக்கு” என்று வைத்துவிட்டார் பாய்.